மீட்டரில் ஒன்றரை லட்சம்

பழைய கார் பார்க்கப் போகிற யாரும் வண்டியைச் சுற்றி வருவதற்கு முன்பே கேட்டுவிடுகிற கேள்வி, "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். பதில் வந்ததும் பாதி விலை மனதில் முடிவாகிவிடுகிறது. ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2017-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் மீட்டர் 48,000 காட்டுகிறது. மூன்று கை மாறிய வண்டி, சர்வீஸ் பில் ஒன்றுகூடக் கிடையாது. மற்றது 1,62,000 ஓடியது. வாங்கிய முதல் ஆளே இன்றுவரை வைத்திருக்கிறார். ஆயில் மாற்றியதிலிருந்து கிளட்ச் மாற்றியது வரை எல்லாப் பில்லும் கோப்பில் இருக்கிறது. சந்தையில் முதல் வண்டிக்குத்தான் விலை கூடுதல், கேட்கிற ஆளும் கூடுதல். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, இரண்டாவதாக ஒன்று தேடுபவர் அந்த 1,62,000 வண்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்தெந்த இடத்தில் அந்த எண்ணம் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தூரம் வண்டியை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் முழுதும் கீழே சம்பில் இறங்கிக் கிடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலேறிப் பரவுகிற வரை, பிறகு இன்ஜின் சூடேறி அதன் இயல்பான வெப்பத்தை எட்டுகிற வரை, உள்ளே தேய்மானம் மிகுதி. சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும். திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அதை ஓட்டி வருகிற வண்டி ஒரே ஒரு முறை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு பெரும்பாலும் டாப் கியரில், ஒரே சீராகச் சுழல்கிறது. அதே 330 கிலோமீட்டரை மாம்பலத்துக்குள் பள்ளிக்கும் மார்க்கெட்டுக்குமாக மும்மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் நூற்றுப் பத்து முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும். கிளட்ச் மிதிப்பதும் பிரேக் அழுத்துவதும் ஆயிரக்கணக்கில் வரும். மீட்டருக்கு இரண்டும் ஒரே 330தான்.

இந்த வேறுபாட்டின் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் லாங் ஐலண்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன். 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரையே ஓட்டிக்கொண்டிருந்தார். 2013-இல் அது முப்பது லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். கையேடு சொன்னபடி குறித்த இடைவெளியில் ஆயில் மாற்றியதும், நீண்ட தூரப் பயணங்களில் அவருக்கு இருந்த விருப்பமும்தான் அதற்குப் பின்னால் இருந்தவை. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரில் பழைய இன்னோவா நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினைப் பிரிக்காமல் ஓடுவதை டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் வியப்பாகப் பேசுவதே இல்லை. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, லீனியா என்று இத்தனை வண்டிகளில் பொருத்தப்பட்டு, நாட்டின் தேசிய இன்ஜின் என்றே பெயர் வாங்கியது. அதில் வேலை தெரியாத மெக்கானிக் சிறு ஊர்களில்கூட அரிது. அதிகம் ஓடிய வண்டியை வாங்குவதில் இது பெரிய பலம்.

ஆனால் இன்ஜின் பிளாக் தாங்குவதால் அதைச் சுற்றியுள்ள எல்லாம் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையில் ஒரு காரில் பல செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ்கள், வீல் பேரிங், ரேடியேட்டர் ஹோஸ், தண்ணீர் பம்ப், இன்ஜின் மவுண்ட், ஏசி கம்ப்ரஸர். டீசலாக இருந்தால் இன்ஜெக்டரும் டர்போவும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ளதா என்பது இன்னும் முக்கியம். மாருதியின் கே வரிசை பெட்ரோல் இன்ஜின்களும் ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக்கும் செயினில் ஓடுபவை. டஸ்டரின் 1.5 டீசலும் ஃபோர்டின் 1.5 டீசலும் பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட்டுக்கு ஆயுள் குறித்திருக்கிறது. குறித்த கிலோமீட்டரில் மாற்றாமல் ஓட்டி, அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன்பிறகு வருகிற செலவு வண்டியின் விலையையே நெருங்கிவிடக்கூடும்.

அதிகம் ஓடிய வண்டிக்கு ஆதரவான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, பலரும் அதைப் பார்ப்பதில்லை. எழுபதாயிரம் ஓடிய வண்டியை வாங்கினால் மேலே சொன்ன செலவுகள் அத்தனையும் இனிமேல்தான், உங்கள் பணத்தில்தான் வரப்போகின்றன. 1,62,000 ஓடி, 1,40,000-இல் கிளட்ச்சும் சஸ்பென்ஷனும் மாற்றப்பட்ட வண்டியில் அந்தச் செலவை முந்தைய உரிமையாளர் செய்து முடித்திருக்கிறார். அவருக்கு அதற்கான விலை திரும்பக் கிடைக்கப்போவதில்லை. சந்தை மீட்டரை மட்டும் பார்த்து அவருடைய வண்டியைக் குறைத்து மதிப்பிடுகிறது. ஆகவே "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதைவிட "கடைசியாக என்னென்ன மாற்றினீர்கள், எத்தனையாவது கிலோமீட்டரில்?" என்பது பன்மடங்கு பயனுள்ள கேள்வி. பில்லோடு பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். அதே வண்டியில் எதையுமே மாற்றவில்லை என்றால், அதற்காக விற்பவர் பெருமைப்பட்டாலும், நீங்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

குறைவாக ஓடியதாகக் காட்டும் வண்டிக்கு வருவோம். 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை முன்வைத்து ஓர் ஆய்வுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவும் ஒரு காரணம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் ஒரே விலை தர வாங்குபவர் முன்வருகிறார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும் என்பது அதன் சாரம். நம் சந்தையில் இதோடு இன்னொன்றும் நடக்கிறது. பராமரிப்பு கண்ணுக்குத் தெரியாது, மீட்டர் எண் தெரியும். எனவே வாங்குபவர் எண்ணுக்கு விலை கொடுக்கிறார். எண்ணுக்கு விலை கிடைக்கிறது என்றால் எண்ணை மாற்றுவதில் லாபம் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரைக் கருவி செருகிக் குறைப்பது சில நிமிட வேலை. குறைந்த கிலோமீட்டரை மட்டுமே தேடுகிற நாமே அந்த மோசடிக்குச் சந்தையை உருவாக்கித் தருகிறோம். 1,62,000 என்று மீட்டரில் வெளிப்படையாக நிற்கிற வண்டியில் எண்ணைக் குறைத்திருக்க வாய்ப்பு குறைவு. அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பு உண்டு.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நுழையும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகும். உரிமையாளரின் ஒப்புதலோடு அந்த வரலாற்றைக் கேட்டு வாங்கலாம். 2019-இல் 95,000 என்று பதிவான வண்டி இன்று 60,000 காட்டினால் பேச்சே வேண்டாம். அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத சான்று ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கை. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், வண்டி எந்தெந்தச் சாவடியை எப்போது கடந்தது என்பது அதில் தேதியோடு இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி என்று விற்பவர் சொல்வது உண்மையா என்பதையும் அது காட்டிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. முப்பதாயிரம் காட்டும் வண்டியில் நான்கு டயரும் 2022-இல் செய்தவையாக இருந்தால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன என்று கேட்க வேண்டும். தேய்ந்த பெடல் ரப்பர், வழவழப்பாகிப்போன ஸ்டீயரிங், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க விளிம்பில் அமுங்கிய ஸ்பாஞ்ச் ஆகியவை மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். சில வண்டிகளில் மீட்டரைக் குறைத்தாலும் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பழைய எண் தங்கியிருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அதை எடுத்துக் காட்டுவார்.

அதிகம் ஓடியவற்றிலும் ஒதுக்க வேண்டியவை உண்டு. டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டிகள் முதலில். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளுக்கு ஓர் ஓட்டுநர் என்று மாறிய வண்டியை ஒரே கை வண்டியாக எண்ண முடியாது. ஆர்சியின் பதிவு வரலாற்றில் அது தெரியும். அடுத்தது வெள்ளத்தில் நின்றவை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கு முடித்த வண்டிகளும் ஏலம் வழியாக வாங்கப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டு, வேறு ஊர்களில் மீண்டும் விற்பனைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் மறைக்க முடியாது. இருக்கை ஓடும் தண்டவாளத்தின் அடியில், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளம் பார்த்த வண்டியில் வயரிங் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். கடலோரத்தில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற வண்டியிலும் கவனம் வேண்டும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வாங்கினால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இன்ஜினைச் சரிசெய்யலாம், துருப்பிடித்த சேஸிஸை உள்ளபடி மீட்க முடியாது.

இனி, இரண்டாவது வாகனம் என்பதால் என்ன மாறுகிறது? முதல் கார் நம்பகமாக இருந்தாக வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போவதும், அதிகாலை விமானத்தைப் பிடிப்பதும் அதன் பொறுப்பு. இரண்டாவது வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றால் குடும்பம் நின்றுவிடாது. புதுக்கார் வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பதில் ஒரு பகுதி இந்த நம்பகத்துக்காக. அது தேவைப்படாத இடத்தில் அதற்குப் பணம் தருவது வீண். பிள்ளை ஓட்டக் கற்றுக்கொள்ளவும், வேலைக்குப் போகிற இன்னொருவர் தாம்பரம் ஸ்டேஷன் வரை போய் நிறுத்திவிட்டு ரயிலேறவும், வயதான பெற்றோரை ஊருக்குள் அழைத்துப் போகவும் எட்டு லட்ச ரூபாய்க் கார் எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் விலைகள் என் உத்தேசம். உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர், ஐந்து ஆண்டுக்கு 30,000. வாகனக் காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் பட்டியல்படி ஐந்தாம் ஆண்டு முடிவில் பாதி மதிப்பு போய்விடுகிறது. எட்டு லட்ச ரூபாய்ப் புதுக்காரில் நாலு லட்சம். கிலோமீட்டருக்கு 13 ரூபாய்க்கு மேல், வண்டி நிற்பதற்காக மட்டும். மூன்று லட்சத்துக்கு வாங்கிய பழைய வண்டியை ஐந்து ஆண்டு கழித்து ஒன்றேகால் லட்சத்துக்கு விற்பதாகக் கொண்டால் இழப்பு 1.75 லட்சம். வாங்கியவுடன் ஐம்பதாயிரம், பிறகு ஆண்டுக்கு இருபதாயிரம் கூடுதல் பழுதுச் செலவு என்று தாராளமாகவே வைத்தால் மொத்தம் 3.25 லட்சம், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 ரூபாய். சேமிப்பு நாம் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வண்டியின் உண்மையான ஆதாயம் முதலீட்டில் இருக்கிறது. மிச்சமாகும் ஐந்து லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கியிருந்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 1.23 லட்சம். அதையும் சேர்த்தால் வித்தியாசம் இரண்டு லட்சத்தை எட்டுகிறது. இந்தக் கணக்கு கையில் இருக்கும் பணத்துக்கு வாங்கினால்தான் நிற்கும். பழைய காருக்கான கடனுக்கு வட்டி புதுக்காரைவிடக் கூடுதல் என்பதால், கடன் வாங்கிப் பழைய வண்டி எடுப்பவர் ஆதாயத்தைக் கைவிடுகிறார்.

இரண்டாவது கார் வேண்டுமா என்பதையே இதே கணக்கில் சோதிக்கலாம். காப்பீட்டையும் சேர்த்து ஆண்டுக்கு எழுபத்தைந்தாயிரம் நிலைச்செலவு. கால் டாக்சி கிலோமீட்டருக்கு 25 ரூபாய், சொந்த வண்டியில் பெட்ரோல் 7 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓடுகிறவருக்கு டாக்சிதான் மலிவு. நம் வீடுகளில் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற எத்தனையோ இரண்டாவது கார்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவை.

நிற்பதும் வண்டிக்கு ஆகாது. பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், எலி வயரைக் கடிக்கும். டீசலா பெட்ரோலா என்ற கேள்வியும் இங்கேதான் முடிவாக வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கிற இரண்டாவது காருக்கு அது பொருந்தாது. பழைய பிஎஸ்-4 டீசலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் இன்ஜெக்டர்களின் விலை தனி. சிக்கல் என்னவென்றால், நன்றாகப் பராமரிக்கப்பட்டு அதிகம் ஓடிய வண்டிகளில் பெரும்பகுதி டீசல். பெட்ரோலில் தேடுகிறவர் பொறுமையாகத் தேட வேண்டும். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் வருகிறவர் தயங்காமல் பிஎஸ்-4 டீசலை எடுக்கலாம்.

என் வாதம் வலுவிழக்கிற இடம் பாதுகாப்பு. அங்கே கிலோமீட்டரைவிட ஆண்டு பெரிது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகியவற்றின் காற்றுப்பை இல்லாத வகைகளை மோதிச் சோதித்தபோது ஐந்துக்கும் பூஜ்யம். இரண்டு காற்றுப்பை பொருத்திய போலோவுக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதன்பிறகே நம் நாட்டில் விதிகள் இறுகின. புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் மோதல் சோதனை விதி வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ். அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநருக்குக் காற்றுப்பை. பக்கத்தில் அமர்பவருக்கும் கட்டாயமானது அதற்கும் பிறகு. ஆகவே 2012-ஆம் ஆண்டு அடிப்படை வகைக் கார் எவ்வளவு அழகாகப் பராமரிக்கப்பட்டிருந்தாலும், காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிற வண்டியாக அது இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரே பணத்துக்கு, குறைவாக ஓடிய 2012 வண்டியும் அதிகம் ஓடிய 2018 வண்டியும் கிடைத்தால், பின்னதை எடுங்கள். கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தால் ஆண்டை வாங்கலாம். அதிகம் ஓடிய வண்டி தருகிற இன்னொரு வாய்ப்பு அது.

ஆண்டு வேறு வழிகளிலும் உறைக்கும். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பிறகு எஃப்சி காட்டி ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பித்தல் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரியும் உண்டு. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பது இப்போது நாடெங்கும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பொதுவாக அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் குழாய், ரப்பர் சீல் ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். நிறுவனம் நாட்டில் இருக்கிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. செவ்ரோலே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது; மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை முடிப்பதாக அறிவித்தது. இவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுவே. ஃபோர்டு ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருப்பவருக்கே அது.

காகித வேலையில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கவலை தருகிறது. ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விற்பவரும் பணம் வந்ததும் மறந்துவிடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், வண்டி பல கை மாறிப்போயிருந்தும் பதிவேட்டில் பெயர் மாறாததால் முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்த்தது. விற்பவர்கள் இதை அறிந்திருந்தால் பெயர் மாற்றத்துக்கு அவர்களே அலைவார்கள். காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பொறுப்பு வண்டியோடு வாங்கியவருக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி தானாக வராது, விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. பழைய உரிமையாளரின் தள்ளுபடியில் ஓட்டிக்கொண்டிருந்தால் கிளெய்ம் செய்யும் நாளில் தகராறு வரும். ஆர்சியில் எச்பி, அதாவது வங்கிக் கடன் பதிவு, இருந்தால் வங்கியின் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது. பரிவாஹன் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வெளிமாநில வண்டி என்றால் இன்னும் கவனம். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த தடையால் டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசலும் பதினைந்து தாண்டிய பெட்ரோலும் விலை விழுந்து, பிற மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன. விலை கவர்ச்சியாக இருக்கும். இங்கே வாழ்நாள் வரி, மறுபதிவு, அலைச்சல் ஆகியவற்றைக் கூட்டினால் அந்தக் கவர்ச்சி பெரும்பாலும் கரைந்துவிடும். புதுச்சேரி எண் வண்டிக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்ற விதி பொருந்தும். வாங்குவது வீட்டு உரிமையாளரிடமா, கன்சல்டிங்கிலா என்பதில் என் விருப்பம் முன்னது. பதிவுபெற்ற வியாபாரி தன் லாபத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறார், அது விலையில் ஏறும். தனியாருக்குள் நடக்கும் விற்பனையில் அது இல்லை. அதைவிடப் பெரியது, வண்டியை ஓட்டியவரிடமே கேள்வி கேட்கலாம் என்பது.

பார்க்கப் போகும்போது அதிகாலையில் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு. குளிர்ந்த இன்ஜின் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆன நொடியில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்; புகை விட்டுவிட்டு அடித்தால் அதை மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடலாம். பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், கதவு ரப்பருக்கு அடியில் வேறு நிறம், பட்டி பார்த்த இடத்தில் தட்டினால் மந்தமான ஒலி ஆகியவை விபத்தைக் காட்டும். உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்குக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து அழைத்துப் போவது இந்த வாங்கலிலேயே மிகப் பயனுள்ள செலவு. விலை முடிந்ததும் ஐம்பதாயிரத்தைத் தனியே ஒதுக்குங்கள். எல்லா ஆயிலும், கூலன்ட்டும், பிரேக் ஆயிலும், ஃபில்டர்களும் முதல் வாரமே மாற வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவு துப்பறிய வேண்டியிருப்பது ஏன் என்பதையும் கேட்டாக வேண்டும். பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்ற சான்று இருக்கிறது. பட்டறைகள் வண்டி வரும்போதெல்லாம் கிலோமீட்டரைப் பொதுப் பதிவில் ஏற்ற வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. பிரிட்டனில் ஆண்டுச் சோதனையில் பதிவாகும் மைல் கணக்கை வண்டி எண்ணை வைத்து யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். நம் வாஹன் தரவில் பதிவு நாள், காப்பீடு, எஃப்சி, புகைச் சான்று எல்லாம் இருக்கின்றன. வாங்குபவர் பார்க்கிற பக்கத்தில் ஓடிய தூரம் இல்லை. புகைச் சோதனைக்குப் பழைய கார்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது போயாக வேண்டும். அங்கேயே மீட்டரைப் படமெடுத்து, எண்ணைப் பதிவில் ஏற்றி, பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டால் பெரிய செலவு ஆகாது. மீட்டரைக் குறைப்பவருக்குத் தொழில் போகும். 1,62,000 ஓடிய வண்டியைப் பில்லோடு விற்க வருகிறவர், பக்கத்தில் நிற்கும் 48,000-ஐவிடக் குறைந்த விலைக்குத் தன் வண்டியைத் தள்ளிவிட வேண்டியிருக்காது.